ஒரு நட்சத்திரக் குறி, 1,200 உள்ளாட்சிகள்

கேரளத்தில் கல்லற என்ற பெயரில் இரண்டு கிராமப் பஞ்சாயத்துகள் உண்டு. ஒன்று திருவனந்தபுரம் மாவட்டத்தில் இருக்கிறது. 1938-இல் கல்லற–பாங்கோடு கிளர்ச்சி நடந்த மண் அது. மற்றொன்று கோட்டயம் மாவட்டத்தில். பள்ளிக்கல் என்ற பெயரோ திருவனந்தபுரம், பத்தனம்திட்டா, மலப்புரம் ஆகிய மூன்று மாவட்டங்களிலும் இருக்கிறது. தபாலுக்கு இதனால் தொல்லை இல்லை. மாவட்டமும் பின்கோடும் சேர்ந்து ஊரைக் காட்டிவிடும். ஒவ்வொரு ஊருக்கும் இணையத்தில் முகவரி கொடுக்க உட்காரும்போதுதான் சிக்கல் தெரியும். அங்கே ஒரு பெயர் ஒருவருக்கு மட்டுமே.

இந்த வேலை திருவனந்தபுரத்தில் நெடுநாளாக நடந்துவருகிறது. மக்கள் திட்டத்தின் வழியாக உள்ளாட்சிகளுக்கு அதிகாரமும் பணமும் போய்ச் சேரத் தொடங்கிய காலத்தில், 1999-இல், இன்ஃபர்மேஷன் கேரளா மிஷன் என்ற அரசு அமைப்பு உருவானது. பிறப்பு, இறப்புப் பதிவுக்கு சேவனா, வரிக்கு சஞ்சயா, கணக்குக்கு சாங்க்யா, திட்டக் கண்காணிப்புக்கு சுலேகா என்று பஞ்சாயத்து அலுவலகங்களில் ஓடிய மென்பொருள்கள் அங்கிருந்து வந்தவை. 2024 ஜனவரி 1 அன்று நகர உள்ளாட்சிகளில் தொடங்கிய கே-ஸ்மார்ட் சேவையும் அதன் ஆக்கமே. 941 கிராமப் பஞ்சாயத்துகள், 152 வட்டாரப் பஞ்சாயத்துகள், 14 மாவட்டப் பஞ்சாயத்துகள், 87 நகராட்சிகள், 6 மாநகராட்சிகள்: மொத்தம் 1,200 உள்ளாட்சிகள். பல ஆண்டுகள் இவற்றின் வலைப்பக்கங்கள் எல்எஸ்ஜிகேரளா டாட் இன் என்ற ஒரே பெயருக்குப் பின்னால், ஒரு சாய்கோடும் பஞ்சாயத்தின் பெயருமாகத் திறந்தன. அதாவது ஒரு சர்வர், ஒரு பெயர், அதற்குள் ஊருக்கு ஒரு ஃபோல்டர்.

இதற்கு மாற்று வழி ஒன்று உண்டு. ஊரின் பெயரைச் சாய்கோட்டுக்குப் பின்னால் வைக்காமல், முகவரியின் முன்னால் கொண்டுவந்து வைப்பது. ஊர்.இந்தியா என்று ஒரு பெயரை வாங்கியிருக்கிறோம் எனக் கற்பனை செய்துகொள்வோம். ஃபோல்டர் முறையில் ஊர்.இந்தியா/கல்லற என்று எழுதுவோம். சப்டொமைன் முறையில் கல்லற.ஊர்.இந்தியா. பார்ப்பவருக்குச் சொற்களின் வரிசை மட்டும் மாறியதாகத் தோன்றும். உள்ளே நடப்பது வேறு. எந்த முறையில் யாருக்கு எவ்வளவு பாதுகாப்பு என்பது பொதுப்பணத்தில் தளம் நடத்தும் எல்லோரும் அறிந்திருக்கவேண்டிய செய்தி என்று நினைக்கிறேன்.

ஃபோல்டர் முறைதான் மூத்தது. 1993-இல் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் உருவான என்சிஎஸ்ஏ சர்வர், அதன் வழிவந்த அப்பாச்சி ஆகியவற்றில், கணினியில் கணக்கு வைத்திருக்கும் எவரும் தம் வீட்டு ஃபோல்டருக்குள் ஒரு பொது ஃபோல்டரைத் திறந்து அதில் பக்கங்களை வைக்கலாம். முகவரியில் ஓர் அலைக்குறியும் அவருடைய கணக்குப் பெயரும் வரும். சென்னை ஐஐடியின் கணினித் துறைப் பேராசிரியர்களின் பக்கங்களில் அந்த அலைக்குறியைப் பார்த்திருப்பீர்கள். அந்தக் குறி ஏன் வீட்டைக் குறிக்கிறது என்பதற்கும் ஒரு வரலாறு உண்டு. 1976-இல் வந்த ஏடிஎம்-3ஏ என்ற முனையத்தின் விசைப்பலகையில் 'ஹோம்' என்பதும் அலைக்குறியும் ஒரே விசையில் இருந்தன. யூனிக்ஸ்காரர்கள் கைப்பழக்கத்தில் அதையே வைத்துக்கொண்டார்கள்.

சப்டொமைன் முறைக்கு இரண்டு இடங்களில் வேலை இருக்கிறது. முதலாவது, பெயரை எண்ணாக மாற்றித் தரும் டிஎன்எஸ். கல்லற.ஊர்.இந்தியா எங்கே இருக்கிறது என்று பிரவுசர் கேட்டால், 203.0.113.10 போன்ற ஓர் எண்ணைப் பெயர் சர்வர் திருப்பிச் சொல்லவேண்டும். 1,200 ஊருக்கு 1,200 வரி எழுதலாம். அல்லது ஒரே வரியில், பெயரின் இடக்கோடியில் நட்சத்திரக் குறி இட்டு, *.ஊர்.இந்தியா என்று எழுதிவிடலாம். வைல்ட்கார்டு என்பது இதுதான். பட்டியலில் இல்லாத எந்தப் பெயரைக் கேட்டாலும் இந்த எண்ணைச் சொல் என்பது அதன் பொருள்.

பால் மொக்கபெட்ரிஸ் 1987 நவம்பரில் எழுதிய ஆர்எஃப்சி 1034 என்ற ஆவணத்திலேயே இந்தக் குறி இருக்கிறது. ஆனால் அன்று வலைத்தளமே கிடையாது. இணையத்தோடு நேரடியாகச் சேராத வலையமைப்புகளுக்கு அஞ்சலை அனுப்பி வைக்கத்தான் முக்கியமாக அதை நினைத்தார்கள். பின்னாலிருக்கும் கணினிகளின் பெயர்களை ஒவ்வொன்றாக எழுத முடியாதபோது, அந்தப் பெயர்களுக்கு வரும் அஞ்சலை எல்லாம் ஒரு வாசலில் சேர்த்துவிட்டால் போதும் என்ற எண்ணம்.

இரண்டாவது வேலை வலைச் சர்வரில். 1,200 பெயர்களும் ஒரே எண்ணுக்கு வந்து சேர்கின்றன. எந்த ஃபோல்டரைத் திறப்பது? வலையின் தொடக்க காலத்தில் இதற்கு விடையே இல்லை. பிரவுசர் எண்ணைத் தேடி வந்து பக்கத்தைக் கேட்கும். எந்தப் பெயரைச் சொல்லி வந்தது என்பதைத் தெரிவிக்காது. ஆகவே பெயருக்கு ஓர் எண் வேண்டியிருந்தது. 1997 ஜனவரியில் வெளியான எச்டிடிபி 1.1 நெறிமுறை, கேட்கும் ஒவ்வொரு முறையும் 'ஹோஸ்ட்' என்ற வரியில் பெயரைச் சொல்லியாகவேண்டும் என்று விதித்தது. ஒரே கதவு எண்ணில் பல குடும்பங்கள் குடியிருந்தால், கடிதத்தில் பெயரும் எழுதியிருந்தால்தானே சரியான கையில் போய்ச் சேரும், அதுபோலத்தான். அப்பாச்சியில் இதற்கென்றே ஒரு மாட்யூல் இருக்கிறது. வரும் பெயரின் முதல் பகுதியை எடு, அந்தப் பெயருள்ள ஃபோல்டரைத் திற என்று ஒரு வரி எழுதினால் போதும். என்ஜின்எக்ஸ் என்ற சர்வரில் அதே வேலையை ஒரு பெயர்-வடிவ விதி செய்துவிடும். புதிய ஊருக்குத் தளம் வேண்டுமானால், சர்வரில் அந்தப் பெயரில் ஒரு ஃபோல்டரை உருவாக்கினால் தீர்ந்தது. சர்வரை நிறுத்தித் தொடங்கவேண்டிய தேவைகூட இல்லை.

எளிதாகத் தோன்றும் இந்த இரண்டு வரிகளுக்கும் நுணுக்கங்கள் உண்டு. நட்சத்திரக் குறி, இல்லாத பெயர்களுக்கு மட்டுமே விடை சொல்லும். பள்ளிக்கல் பஞ்சாயத்தின் தளம் நன்றாக ஓடிக்கொண்டிருக்கிறது என்று வையுங்கள். அந்தப் பஞ்சாயத்துக்கு மின்னஞ்சல் வேண்டுமென்று, பள்ளிக்கல்.ஊர்.இந்தியா என்ற பெயரில் அஞ்சல் பதிவு ஒன்றை யாரோ சேர்க்கிறார்கள். அந்த நொடியிலிருந்து அப்பெயர் 'இருக்கும் பெயர்' ஆகிவிடுகிறது. அதற்கு எண் பதிவு தனியாக இல்லை. நட்சத்திரக் குறியும் இனி அதற்குப் பேசாது. தளம் மறைந்துவிடும். வலைச் சர்வரைக் குடைந்து குடைந்து பார்த்தாலும் அங்கே ஒரு பிழையும் தென்படாது. பள்ளிக்கலுக்கு அடியில் இன்னொரு பெயரைச் சேர்த்தாலும் இதே கதைதான். இந்த விதியைப் பலரும் பலவிதமாகப் புரிந்துகொண்டதால், 2006-இல் ஆர்எஃப்சி 4592 என்று தனி ஆவணமே எழுதித் தெளிவுபடுத்தவேண்டி வந்தது.

தமிழிலும் மலையாளத்திலும் பெயர் வைக்க விரும்புபவர்களுக்கு இன்னொரு செய்தி. .இலங்கை, .சிங்கப்பூர், .இந்தியா என்று தமிழ் எழுத்திலேயே முடியும் முகவரிகள் 2010, 2011 ஆண்டுகளிலிருந்து இருக்கின்றன. ஆனால் டிஎன்எஸ் வழியாகப் பயணப்படும்போது அவை பியூனிகோட் என்ற முறையில் ரோமன் எழுத்துகளாக மாற்றப்படுகின்றன. சர்வரின் கைக்கு வந்து சேர்வது எக்ஸ்என் என்ற எழுத்துகளும் இரண்டு சிறுகோடுகளுமாகத் தொடங்கும் ஒரு சரம். கல்லற என்று தமிழில் ஃபோல்டர் வைத்தால் மேலே சொன்ன ஒற்றை வரி விதி அதைக் கண்டுபிடிக்காது. ஃபோல்டரின் பெயரும் அந்த மாற்றுருவில் இருக்கவேண்டும், அல்லது இரண்டையும் இணைக்கும் சுட்டி ஒன்றை வைக்கவேண்டும். பெயரின் ஒரு பகுதி 63 எழுத்துகளைத் தாண்டக்கூடாது என்ற எல்லையும் மாற்றுருவுக்கே பொருந்தும்.

பயனர் எந்தப் பெயரையும் தேர்ந்துகொள்ளலாம் என்று திறந்துவிடும் இடங்களில் விலக்குப் பட்டியல் ஒன்று கட்டாயம் வேண்டும். அட்மின், மெயில், லாகின், டபிள்யூடபிள்யூடபிள்யூ போன்ற பெயர்களை யாருக்கும் தரக்கூடாது. லாகின்.ஊர்.இந்தியா என்ற பெயர் ஒரு மோசக்காரர் கையில் கிடைத்தால் வரி கட்ட வரும் மக்கள் கடவுச்சொல்லை அவரிடம் ஒப்படைப்பார்கள்.

எல்லாப் பெயருக்கும் 'ஆம்' சொல்லும் குறியின் ஆபத்தை உலகம் மிகப் பெரிய அளவில் பார்த்தது 2003 செப்டம்பர் 15 அன்று. .காம், .நெட் ஆகிய இரண்டுக்கும் பதிவேடு நடத்தும் வெரிசைன் நிறுவனம், அவற்றின் உச்சியிலேயே வைல்ட்கார்டு வைத்தது. யாரும் வாங்காத பெயரைத் தட்டினாலும் 'இல்லை' என்ற விடைக்குப் பதில் அந்நிறுவனத்தின் தேடல் பக்கம் வந்தது. அனுப்புநரின் டொமைன் உண்மையில் இருக்கிறதா என்று பார்த்துக் குப்பை அஞ்சலை வடிகட்டிய சர்வர்கள் எல்லாம் குருடாயின. எதிர்ப்பு வலுத்து, இணையப் பெயர்களை மேற்பார்க்கும் ஐகேன் அமைப்பு கெடு வைத்து, அக்டோபர் 4 அன்று அது நிறுத்தப்பட்டது. 'இல்லை' என்று சரியாகச் சொல்வதும் ஒரு சேவை என்பதை அந்த மூன்று வாரங்கள் காட்டின.

அதே செப்டம்பரில் இந்தியாவில் நடந்தது ஃபோல்டர் முறையைப் பற்றிய பாடம். மேகாலயாவைச் சேர்ந்த ஒரு தடைசெய்யப்பட்ட அமைப்போடு தொடர்புள்ள கின்ஹுன் என்ற யாஹூ குழுவை மட்டும் முடக்கும்படி அரசு ஆணையிட்டது. அந்தக் குழு யாஹூ குரூப்ஸின் பெயருக்குப் பின்னால் சாய்கோடு போட்டு வரும் ஒரு பகுதி. இணையச் சேவை நிறுவனங்களால் பகுதியை மட்டும் தடுக்க முடியவில்லை. முழுப் பெயரையும் அடைத்தார்கள். மரத்தடி, ராயர் காப்பி கிளப், அகத்தியர் போன்ற தமிழ்க் குழுக்களும் அந்தப் பெயரின் கீழ்தான் அன்று உரையாடிக்கொண்டிருந்தன. 2006 ஜூலையில், மும்பை ரயில் குண்டுவெடிப்புகளை அடுத்து, சில தளங்களை மட்டும் முடக்கச் சொன்ன ஆணைக்கும் அதே கதி. இம்முறை சப்டொமைன்கள், இருந்தும் பல நிறுவனங்கள் பிளாக்ஸ்பாட் வலைப்பதிவுச் சேவை முழுவதையுமே மூடிவிட்டன. முதல் நிகழ்வில் முகவரியின் அமைப்பே ஓரளவு காரணம். இரண்டாவதில் பெயர்கள் தனித்தனியாகத்தான் இருந்தன. பிரித்துத் தடுக்கும் அக்கறை இல்லை. இன்று மறையாக்கம் செய்யும் எச்டிடிபிஎஸ் வழியில், சாய்கோட்டுக்குப் பின்னால் இருப்பது சேவை நிறுவனத்தின் கண்ணுக்கே படாது. பெயர் மட்டும்தான் படும். ஒரு ஃபோல்டரில் ஒருவர் செய்த பிழைக்கு அந்தப் பெயரில் உள்ள அனைவரும் இருளில் மூழ்கும் வாய்ப்பு முன்பைவிட அதிகம்.

இதைவிட ஆழமான வேறுபாடு பிரவுசருக்குள் இருக்கிறது. எந்த நிரல் எந்தத் தகவலைத் தொடலாம் என்று பிரவுசர் முடிவுசெய்வது மூன்றை வைத்து: நெறிமுறை, பெயர், போர்ட் எண். சாய்கோட்டுக்குப் பின்னால் வருவதை அது கணக்கில் எடுப்பதில்லை. எனவே ஒரே பெயரின் கீழ் உள்ள 1,200 ஃபோல்டர்களும் பிரவுசருக்கு ஒரே வீடுதான். ஓர் ஊரின் பக்கத்தில் தீய நிரல் ஒன்று புகுந்தால், அடுத்த ஊரின் பக்கத்தில் நீங்கள் நுழைந்திருக்கும் கணக்கையும் அது தொட முடியும். சப்டொமைனாகப் பிரித்தால் பெயர் வேறாகிறது, சுவர் எழும்புகிறது.

அந்தச் சுவரிலும் ஒரு பொந்து உண்டு. கல்லற.ஊர்.இந்தியாவில் ஓடும் நிரல், ஊர்.இந்தியா முழுமைக்கும் செல்லும்படி ஒரு குக்கியை வைக்கலாம்; எல்லாத் துணைப்பெயர்களும் அதைப் பெற்றுக்கொள்ளும். கிட்ஹப் நிறுவனம் 2013 ஏப்ரலில் பயனர்களின் பக்கங்களைத் தன் முதன்மைப் பெயரிலிருந்து கிட்ஹப் டாட் ஐஓ என்ற வேறு பெயருக்கு மாற்றியதற்கு இதுவும் ஒரு காரணம். இப்படிப்பட்ட பொதுப் பெயர்களைத் தொகுத்து மொசில்லா ஒரு பட்டியல் வைத்திருக்கிறது. பிரவுசர்கள் அதைப் பார்த்து, பட்டியலில் உள்ள பெயருக்குக் குக்கி வைக்க விடுவதில்லை. கிட்ஹப் டாட் ஐஓ, பிளாக்ஸ்பாட் டாட் காம், இந்திய அரசின் கவ் டாட் இன் ஆகியவை அதில் உள்ளன. பலருக்கும் இடம் கொடுக்கும் எந்த நிறுவனமும் தன் அடிப்பெயரை அதில் சேர்க்கக் கேட்கலாம், கட்டணம் இல்லை. வரி வாங்கும் தளமும், ஊர்க்காரர்கள் திருத்தும் பக்கங்களும் ஒரே அடிப்பெயரில் இருக்கவே கூடாது.

சர்வருக்கு உள்ளேயும் சுவர் வேண்டும். எல்லா ஃபோல்டர்களையும் ஒரே கணக்கின் கீழ் வைத்துவிட்டு முகவரியை மட்டும் பிரிப்பது முகப்புக்குப் பூசும் வண்ணம்தான். ஒவ்வொரு ஃபோல்டரும் தனி லினக்ஸ் கணக்குக்குச் சொந்தமாக இருக்கவேண்டும். அங்குள்ள பிஎச்பி நிரல் அந்தக் கணக்கின் உரிமையில் மட்டும் ஓடவேண்டும். வீட்டு ஃபோல்டரை வலைச் சர்வர் கடந்து செல்லலாம், உள்ளே இருப்பதைப் பட்டியலிடக் கூடாது.

அடுத்தது, எச்டிடிபிஎஸ்ஸுக்கு வேண்டிய சான்றிதழ். லெட்ஸ் என்கிரிப்ட் அமைப்பு 2018 மார்ச் முதல் வைல்ட்கார்டு சான்றிதழைக் கட்டணமின்றித் தருகிறது. டிஎன்எஸ்ஸில் ஒரு குறிப்பை எழுதிக் காட்டி, பெயர் நம்முடையது என்று நிறுவவேண்டும். பெயர் சர்வர் ஓர் அலுவலகத்தின் கையிலும் வலைச் சர்வர் வேறோர் அலுவலகத்தின் கையிலும் இருந்தால் இதைத் தானியங்கியாக்குவது கடினம். சான்றிதழில் உள்ள நட்சத்திரக் குறி டிஎன்எஸ்ஸில் உள்ளதைப் போல நடந்துகொள்ளாது என்பதையும் கவனிக்கவேண்டும். டிஎன்எஸ் குறி எத்தனை அடுக்குக்கும் விடை சொல்லும். சான்றிதழ்க் குறி ஓர் அடுக்குக்குத்தான். கல்லற.கோட்டயம்.ஊர்.இந்தியா என்று மாவட்டம் சேர்த்து எழுதி இரண்டு கல்லறகளையும் பிரிக்க நினைத்தால், தளம் கிடைக்கும், பிரவுசர் எச்சரிக்கையும் கூடவே வரும். 14 மாவட்டத்துக்கும் தனித்தனி வைல்ட்கார்டு வேண்டும். கல்லற-கோட்டயம் என்று சிறுகோடு போட்டு ஒரே அடுக்கில் வைத்துவிடுவதே எளிது.

கேரள உள்ளாட்சிகளுக்கு நட்சத்திரக் குறி வேண்டுமா என்று கேட்டால், வேண்டாம் என்பேன். 1,200 பெயர்களும் அரசிதழில் வந்தவை. நாளைக்கே புதிதாக ஓர் ஊர் வந்து நிற்கப்போவதில்லை. பட்டியல் தெரிந்த இடத்தில் 1,200 வரிகளை ஒரு சிறு நிரல் எழுதித் தந்துவிடும். இல்லாத ஊரைக் கேட்டால் 'இல்லை' என்ற நேர்மையான விடை வரும். சான்றிதழுக்கும் வழி இருக்கிறது: லெட்ஸ் என்கிரிப்ட் ஒரு சான்றிதழில் 100 பெயர்கள் வரை ஏற்கும், 12 சான்றிதழ்கள் போதும். ஒரு சான்றிதழின் திறவுகோல் களவு போனால் 1,200 தளமும் போகும் என்ற நிலையும் நூறாகக் குறையும். வைல்ட்கார்டு சான்றிதழ்களை எங்கும் பரப்பி வைக்காதீர்கள் என்று அமெரிக்காவின் பாதுகாப்பு முகமையான என்எஸ்ஏ 2021 அக்டோபரில் எச்சரித்ததும் இந்தக் காரணத்தை ஒட்டித்தான். பட்டியல் தெரியாத இடங்களுக்கே குறி பொருந்தும். ஆண்டுதோறும் புது மாணவர்கள் வந்து சேரும் கல்லூரி, நாள்தோறும் புதியவர்கள் கணக்குத் தொடங்கும் வலைப்பதிவுச் சேவை போன்றவை அப்படிப்பட்டவை. திருவனந்தபுரத்தின் காரியவட்டத்திலும் பாப்பனங்கோட்டிலும் பயிலும் பொறியியல் மாணவர்கள் ஒரு பழைய கணினியில் இதை அமைத்துப் பார்த்தால், இணையத்தின் பாதி உள்வேலை கைக்கு வந்துவிடும்.

இரண்டு முறைகளிலும் எல்லாப் பக்கங்களும் தொங்குவது ஓர் அடிப்பெயரில்தான். 2012-இல் இந்திய வாசகர்களை பிளாக்ஸ்பாட் டாட் இன் என்ற பெயருக்குக் கூகுள் திருப்பிவிட்டது. ஆயிரக்கணக்கான தமிழ்ப் பதிவுகளின் சுட்டிகள் அந்தப் பெயரிலேயே நகலெடுத்துப் பகிரப்பட்டன. 2020-இல் அந்தப் பெயர் புதுப்பிக்கப்படாமல் கூகுளின் கையைவிட்டுப் போய், வேறொருவரிடம் சேர்ந்தது. பதிவுகள் டாட் காமில் பத்திரமாகவே இருக்கின்றன. அவற்றைக் காட்டிய பழைய சுட்டிகள் செத்துப்போயின. உங்கள் பஞ்சாயத்தோ பள்ளியோ சங்கமோ ஒரு பெயரின் கீழ் பலருக்கும் இடம் கொடுத்திருந்தால், அந்தப் பெயர் யார் கணக்கில் பதிவாகியிருக்கிறது, எந்தத் தேதியில் முடிகிறது என்று இந்த வாரமே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். தனியார் ஒருவரின் மின்னஞ்சலில் அது இருந்தால், அலுவலகத்தின் பெயருக்கு மாற்றச் சொல்லுங்கள்.